சுவரை நோக்கி நடந்த தளபதி

நேயர்களுக்கு வணக்கம்.

2009-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் ஒன்று, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ராணுவத் தளபதி ஒருவரின் முகத்தில் தொடங்குகிறது. அவர் எதிரே உள்ள சுவரையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாம் அடுத்த அறைக்குப் போகப் போவதாக உதவியாளரிடம் சொல்லிவிட்டு எழுகிறார், கதவு இருக்கும் திசையை விட்டுவிட்டுச் சுவரை நோக்கி ஓடுகிறார், மோதி விழுகிறார். அரங்கம் சிரிக்கிறது. நீங்கள் நம்புவதைவிட இதில் உண்மை அதிகம் என்ற அறிவிப்பைப் படம் தொடக்கத்திலேயே திரையில் காட்டிவிடுகிறது. அந்த அறிவிப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நெடுங்காலம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையிலும், போரைப் பற்றிய அங்கதப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் என்ற முறையிலும், இந்தப் படம் என் மனத்தை விட்டு அகலாத ஒன்று.

படத்தின் பெயர் ‘தி மென் ஹூ ஸ்டேர் அட் கோட்ஸ்’; ஆடுகளை உற்றுப் பார்க்கும் மனிதர்கள் என்று பொருள். கிராண்ட் ஹெஸ்லோவ் இயக்க, ஜார்ஜ் குளூனி, ஈவன் மெக்ரெகர், ஜெஃப் பிரிட்ஜஸ், கெவின் ஸ்பேசி ஆகியோர் நடித்தார்கள். ஜான் ரான்சன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 2004-இல் இதே பெயரில் எழுதிய நூலே இதற்கு அடிப்படை. மனைவி பிரிந்துபோன துயரத்தில் ஈராக் போர்ச் செய்தி சேகரிக்கக் கிளம்பும் பத்திரிகையாளர் ஒருவர், குவைத்தில் லின் காசடி என்ற முன்னாள் வீரரைச் சந்திக்கிறார். தாம் அமானுஷ்ய ஆற்றல் பயிற்றப்பட்ட ரகசியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்கிறார் காசடி. இருவரும் பாலைவனத்தில் காரில் போகிறார்கள். வானத்து மேகத்தை மனத்தால் கலைத்துக் காட்டுவதில் முனைந்திருக்கும் காசடி, வண்டியைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதுகிறார். அத்தனை பெரிய பாலைவனத்தில் இருக்கும் பாறை அவர் கண்ணில் படவில்லை. இந்தப் படத்தின் நகைச்சுவை முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது என்பேன்.

சுவரில் மோதும் தளபதி கற்பனைப் பாத்திரம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆல்பர்ட் ஸ்டபிள்பைன் என்ற மேஜர் ஜெனரலை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட பாத்திரம் அது. 1981 முதல் 1984 வரை அமெரிக்கத் தரைப்படையின் உளவு மற்றும் பாதுகாப்புக் கட்டளைப் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். ஆகவே, படிப்பறிவு இல்லாததால் ஏமாந்தார் என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போக முடியாது. வர்ஜீனியாவில் இருந்த தம் அலுவலகத்தில் சுவர் வழியே செல்ல முயன்று மூக்கில் அடிபட்டதை அவரே ரான்சனிடம் சொன்னார். அவர் நினைத்தது இதுதான்: சுவர் அணுக்களால் ஆனது, நானும் அணுக்களால் ஆனவன், அணுவின் பெரும்பகுதி வெற்றிடம், அப்படியானால் ஒரு வெற்றிடம் இன்னொரு வெற்றிடத்துக்குள் புகுவதற்கு என்ன தடை?

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில் இதே கேள்வியை வகுப்பில் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்; அது மதிப்புள்ள கேள்வி. அணுக்கருவின் விட்டம், அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து லட்சத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். அந்த அளவில் தளபதி படித்தது சரி. இப்போது வானொலிப் பெட்டி இருக்கும் மேசையின் மீது உங்கள் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். உங்களைத் தடுப்பது எது? கையில் உள்ள அணுக்கருக்கள் மேசையில் உள்ள அணுக்கருக்களோடு போய் முட்டுவதில்லை. அவை ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் பரவியிருக்கின்றன. கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அதற்கும் மேலாக, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று இயற்பியலாளர் பௌலி 1925-இல் வகுத்த தவிர்ப்புத் தத்துவம் குறுக்கே நிற்கிறது. வெற்றிடம் என்று நாம் அழைக்கும் அந்தப் பகுதி முழுவதும் இந்த விலக்கு விசையின் ஆட்சிக்கு உட்பட்டது. சுவருக்குத் திண்மை தருவது அதுவே. அந்த வெற்றிடம்தான் தளபதியின் மூக்கில் இடித்தது.

எலக்ட்ரான் போன்ற நுண்துகள்கள் தடையை ஊடுருவிச் செல்வதுண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், சில மின்னணுக் கருவிகள் அந்த ஊடுருவலால்தான் இயங்குகின்றன. ஆனால், துகளின் நிறையும் தடையின் அகலமும் கூடக்கூட அதற்கான வாய்ப்பு மிகக் கடுமையாகச் சரிகிறது. ஒரு மனிதர் ஒரு செங்கல் சுவரைக் கடக்கும் வாய்ப்பு, பிரபஞ்சத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் கைகூடாத அளவுக்குச் சிறியது. மன ஒருமைப்பாட்டால் அந்த எண்ணை மாற்ற இயலாது.

தளபதியின் தவறு படிப்பறிவு இல்லாததால் வந்ததன்று. தாம் படித்த பாதி உண்மையோடு அவர் நின்றுவிட்டதால் வந்தது. ஒருமுறை மோதிய பிறகும் அவர் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. தம் மனம் போதிய அளவு குவியவில்லை என்றே முடிவு செய்தார். தோல்வி எத்தனை முறை வந்தாலும் அதைக் கருதுகோளின் மீது சுமத்தாமல் மனிதரின் மீதே சுமத்தும் இந்த மனநிலையைத்தான் படம் மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வியட்நாமிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஜிம் சானன் என்ற லெப்டினன்ட் கர்னல் அந்தப் போரில் பணியாற்றியவர். திரும்பி வந்தபின், 1970-களின் இறுதியில், கலிஃபோர்னியாவில் தழைத்திருந்த தியானக் குழுக்களையும் மனவளக் குழுக்களையும் ராணுவத்தின் அனுமதியோடு தேடிச் சென்றார். 1979-இல், தாமே வரைந்த படங்களோடு ஒரு கையேட்டை அளித்தார். ‘முதல் பூமிப் படைப்பிரிவு’ என்று அவர் பெயரிட்ட அந்தக் கனவுப் படையில், வீரர்கள் ஆட்டுக்குட்டிகளைக் கையில் ஏந்தி, ஒலிபெருக்கிகளில் அமைதியின் இசை ஒலிக்க, பகைவரின் நாட்டுக்குள் நுழைவார்கள். படத்தில் ஜெஃப் பிரிட்ஜஸ் ஏற்றிருக்கும் நீண்ட சடை கொண்ட அதிகாரி இவருடைய சாயலில் அமைந்தவர். இந்த மனிதரைப் பார்த்து என்னால் சிரிக்க முடிவதில்லை. கொல்வதை அருகிலிருந்து பார்த்துவிட்டு வந்த ஒருவர், கொல்லாமல் வெல்லும் வழி இருக்காதா என்று தேடினார். அவருடைய விடை தவறாக இருக்கலாம், கேள்வி நேர்மையானது.

பனிப்போர் அந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. 1960-இல் ஒரு பிரெஞ்சு அறிவியல் இதழ், நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் மனத்தின் வழியே செய்தி அனுப்பும் சோதனை நடந்ததாக எழுதியது. அமெரிக்கக் கடற்படை அதை மறுத்தது. ஆனால், சோவியத் ஒன்றியத்தில் லெனின்கிராட் நகரில் வாசிலியேவ் என்ற உடலியலாளர் அச்செய்தியைக் காட்டித் தம் ஆராய்ச்சிக்கு ஆதரவு திரட்டினார். சோவியத் ஆராய்ச்சி பற்றிய செய்திகள் அமெரிக்காவுக்குப் போயின. அவர்கள் செய்யும்போது நாம் செய்யாமல் இருக்கலாமா என்று அமெரிக்க உளவு அமைப்புகள் கவலைப்பட்டன. ஒரு வதந்தி கடலைச் சுற்றி வந்து, தன்னைத்தானே உண்மையாக்கிக்கொண்டது. படத்தில் இந்த வாதத்தை ஓர் அதிகாரி மிகவும் பொறுப்பான முகத்தோடு விளக்குவார். வசனத்தில் மிகை எதுவும் சேர்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

1972-இல் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், ரஸ்ஸல் டார்க், ஹெரால்டு புதாஃப் என்ற இரு இயற்பியலாளர்கள் சி.ஐ.ஏ.வின் பண உதவியோடு சோதனைகளைத் தொடங்கினார்கள். ஒருவர் ஆய்வகத்தில் அமர்ந்திருப்பார். வேறொரு குழுவினர் ஊரில் எங்கோ ஓரிடத்துக்குச் சென்று நிற்பார்கள். அமர்ந்திருப்பவர் அந்த இடத்தை ஞானதிருஷ்டியால் கண்டு வர்ணிக்க வேண்டும். பிறகு ஒரு நடுவர், வர்ணனைகளைக் கையில் வைத்துக்கொண்டு இடங்களை நேரில் சென்று பார்த்து, எந்த வர்ணனை எந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று இணைப்பார். பாட் பிரைஸ் என்ற முன்னாள் காவல்துறை அதிகாரி வர்ணித்த ஒன்பது இடங்களில் ஏழு சரியாகப் பொருந்தின என்று அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு அசைக்க முடியாத சான்றாகத் தோன்றுகிறது அல்லவா?

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் கம்மன் என்ற இரு உளவியலாளர்கள், அந்த வர்ணனைகளின் எழுத்துப் பிரதிகளை வாங்கிப் படித்தார்கள். ‘நேற்றைய இரண்டு இடங்கள்’ என்பது போன்ற சொற்கள் அவற்றில் அப்படியே விடப்பட்டிருந்தன. எந்த வர்ணனை முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை அந்தச் சொற்களே காட்டிக்கொடுத்தன. நடுவரிடம் கொடுக்கப்பட்ட இடங்களின் பட்டியலோ, சோதனை நடந்த அதே வரிசையில் இருந்தது. இடங்களை நேரில் பார்க்காமலேயே, வர்ணனையில் உள்ள கட்டிடத்தையும் மரத்தையும் பொருட்படுத்தாமலேயே, இந்தக் குறிப்புகளை மட்டும் வைத்து வர்ணனைகளையும் இடங்களையும் இணைக்க முடிந்தது. 1978-இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். என் மாணவர்களுக்கு நான் மிகுதியாகச் சொன்ன கதை இதுதான். ஞானதிருஷ்டி பொய் என்று நிரூபிக்க அவர்கள் பெரிய கருவி எதையும் தேடவில்லை. தாள்களை நிதானமாகப் படித்தார்கள்.

தாள்கள் வெளியார் கைக்குக் கிடைத்ததால்தான் அந்தப் பிழை வெளிவந்தது. ராணுவம் மேரிலாந்தின் ஃபோர்ட் மீட் முகாமில் அமைத்த ஞானதிருஷ்டிப் பிரிவிலோ எல்லாம் ரகசியம். கிரில் ஃபிளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக், ஸ்டார் கேட் என்று பெயர் மாறிக்கொண்டே போனது. வெளியார் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு பல ஆண்டுகள் வரவில்லை. 1981 டிசம்பரில் இத்தாலியின் வெரோனா நகரில், ஜேம்ஸ் டோசியர் என்ற அமெரிக்க ஜெனரலைச் ரெட் பிரிகேட்ஸ் என்ற தீவிரவாத அமைப்பு கடத்தியது. அவரைத் தேடித்தரும்படி இந்தப் பிரிவினரும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நம் ஊரில் குறி சொல்பவர் “தெற்கே, தண்ணீர் உள்ள இடத்தில், ஒரு பெண்ணின் நிழலில்” என்று சொன்னால், பொருத்தமான கிணற்றையும் பெண்ணையும் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருடையதாகிவிடும். அங்கேயும் அதுதான் நடந்தது. டோசியரை 42 நாட்களுக்குப் பின் பாதுவா நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து மீட்டது, விசாரணையின் வழியே தடம் பிடித்துச் சென்ற இத்தாலியக் காவல்துறை.

1995-இல் சி.ஐ.ஏ. ஒரு வெளி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. ஜெசிகா அட்ஸ் என்ற புள்ளியியல் பேராசிரியர், தற்செயலை மீறிய ஏதோ ஒன்று தரவுகளில் இருப்பதாகக் கருதினார். ரே ஹைமன் என்ற உளவியல் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு மேல், சுமார் 2 கோடி டாலர் செலவில் நடந்த அந்த முயற்சி, எந்த உளவு நடவடிக்கைக்கும் வழிகாட்டத்தக்க தகவலைத் தரவில்லை என்று அறிக்கை முடித்தது. அத்துடன் அது மூடப்பட்டது. இருட்டறையில் பூட்டி வைத்ததால் ஒரு பிழை அத்தனை ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது என்பதே எனக்குப் பட்டது; நம்பியவர்களின் அறியாமையைவிட அந்தப் பூட்டே எனக்குக் கவலை தருகிறது.

நேரம் குறைந்துவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆடுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில், போர்க்களக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கக் கற்றுத்தருவதற்காகவே ஆடுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை உற்றுப் பார்த்தே இதயத்தை நிறுத்தும் முயற்சியும் அங்கே நடந்தது என்று ரான்சன் எழுதுகிறார். படத்தில் காசடி அதைச் செய்துவிட்டதாக நம்புகிறார். அந்த நினைப்பு அவரை வாழ்நாள் முழுவதும் வதைக்கிறது. அந்தக் காட்சியில் குளூனியின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை விரிவாகப் பேசத்தான் திட்டமிட்டிருந்தேன். 2003-இல் ஈராக்கின் அல்-கைம் பகுதியில், பிடிபட்டவர்களைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ஊதா நிற டைனோசரின் பாட்டைத் திரும்பத் திரும்ப உரக்கக் கேட்கச் செய்து துன்புறுத்தினார்கள். அமெரிக்க ஊடகங்கள் அதை வேடிக்கைச் செய்தியாகவே வெளியிட்டன. படத்தின் முடிவில், தாம் கண்ட அனைத்தையும் எழுதும் பத்திரிகையாளரின் கட்டுரையிலிருந்தும் அந்த வேடிக்கை மட்டும்தான் வெளிவருகிறது. அந்த இடத்தில் படம் நம் சிரிப்பையும் சேர்த்தே விசாரிக்கிறது. அதற்குப் பின்னர் வரும் கடைசிக் காட்சியில் பத்திரிகையாளரைச் சுவருக்குள் புகவிட்டது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சுவர் சுவராகவே இருந்திருக்க வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.