சாவிக்கொத்து யாரிடம்?

(காரைக்குடிப் பட்டிமன்றம். தலைப்பு: 'செல் சாவு ஆராய்ச்சியில் பெண்களின் பங்கு: அடித்தளமா, துணைக்கரமா?' 'அடித்தளமே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆத்தங்குடிக் கல் பாவிய இந்தப் பட்டாலையில் இடம் போதாமல் வளவு வரைக்கும் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் தெரிகிறார்கள். அதனால் கதை விட முடியாது, கணக்காகத்தான் பேச வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு பட்டியல் வாசித்தார். செல் சாகும் விதத்துக்கு 1972-ல் அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்த கெர், வைலி, கரி மூவரும் ஆண்கள். 2002-ல் நோபல் பரிசு வாங்கிய பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் ஆண்கள். "மூணும் மூணும் ஆறு. பெண்கள் கூடமாட உதவினார்கள், அதை யார் மறுத்தது?" என்று பெரிய மனதோடு முடித்தார். கைதட்டலும் பலமாக விழுந்தது.

அண்ணன் சொன்ன ஆறு பேரும் பெரியவர்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அண்ணே, நம்ம பக்கத்து வீடுகளில் வாசல் விலாசம் செட்டியார் பேரில்தான் இருக்கும். அவர் ரங்கூனிலிருந்து திரும்புகிற வரைக்கும் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருந்தது? நீங்கள் விலாசத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நான் உள்ளே போகிறேன்.

அதற்கு முன் ஆச்சிமார்களுக்காக ஒரு வார்த்தை. செல் சாவது நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தாய் வயிற்றில் பிள்ளையின் விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் செத்தால்தான் அஞ்சு விரலும் தனித்தனியாகப் பிரியும். அது உடம்பே ஏற்பாடு செய்கிற சாவு. அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தத் துறை.

முதலில் இத்தாலிக்குப் போவோம். டூரின் நகரம். 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டத்தால் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்குப் பல்கலைக்கழக வேலை போய்விட்டது, யூதர் என்பதால். அவர் வீட்டுப் படுக்கையறையிலேயே ஆய்வகம் போட்டார். தையல் ஊசியைத் தீட்டித் தீட்டி, கோழிக் கருவை அறுக்கிற கத்தியாக்கினார். போர்க்காலத்தில் முட்டை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? குண்டுவீச்சுக்குத் தப்பிக் கிராமத்துக்குப் போனபோது, "பிள்ளைகளுக்கு வேணும்" என்று சொல்லிப் பண்ணை வீடுகளில் முட்டை வாங்கினாராம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை! இன்னொன்று: வேலை இழந்த அவருடைய பேராசிரியர் ஜுசெப்பே லெவி அந்த அறைக்கு வந்து, தன் மாணவிக்கு உதவியாளராக உட்கார்ந்தார். துணைக்கரம் யார் என்று நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

அந்த அறையில் அவர் என்ன பார்த்தார்? கோழிக் கருவில் கால் முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால், அந்தக் காலுக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் குறைந்துவிடும். அமெரிக்காவில் விக்டர் ஹாம்பர்கர் இதை 1934-லேயே எழுதியிருந்தார். காலிலிருந்து தூண்டுதல் வராததால் அந்த செல்கள் உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம். ரீட்டா நாள்வாரியாகக் கருவை அறுத்துப் பார்த்துவிட்டு, இல்லை, செல்கள் உருவாகின்றன, காலை நோக்கி இழை நீட்டுகின்றன, அப்புறம் சாகின்றன என்றார். 1947-ல் ஹாம்பர்கரே அவரைச் செயின்ட் லூயிசுக்கு வரவழைத்தார். 1949-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ரீட்டா சொன்னதே நின்றது. நரம்பு செல்லைச் சாகாமல் காக்கும் பொருளை அப்புறம் அவரே தேடிப் பிடித்தார். 1986-ல் ஸ்டான்லி கோஹனோடு நோபலும் வந்தது. அண்ணன் சொன்ன 1972-க்கும் 1949-க்கும் இடையில் எத்தனை வருஷம் என்று சிக்ரிக்காரர்கள் கழித்துப் பார்க்கலாம்.

அடுத்து, அண்ணன் பெருமையாகச் சொன்ன 2002 நோபல். அது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்குக் கிடைத்த பரிசு. அந்தப் புழு வளரும்போது 1090 செல்கள் பிறக்கும், அதில் 131 தவறாமல் சாகும். எண்ணிச் சொன்ன குழுவை நடத்தியவர் சல்ஸ்டன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 131-ஐயும் கொல்வது எது? அதைத் தேடியவர் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்த ஹிலரி எல்லிஸ். செத்த செல்லைப் பக்கத்து செல் உடனே விழுங்கிவிடுவதால் மைக்ராஸ்கோப்பில் தடயம் கிடைக்காது. அதனால் பிணங்கள் அப்படியே கிடக்கும்படியான ஒரு புழு வகையை எடுத்து, அதில் மரபணு மாற்றங்களை உண்டாக்கினார். பிறகு, பிணமே இல்லாத புழு எங்கே என்று தேடினார். கிடைத்தது. செட்-3 என்ற மரபணு கெட்டுப்போனால் சாக வேண்டிய செல்கள் சாகாது. 1986-ல் வெளியான கட்டுரை அது.

சரி, அது கொலையா, தற்கொலையா? பக்கத்து செல் கொல்கிறதா, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறதா? பட்டிமன்றத்துக்கே ஏற்ற கேள்வி! தீர்ப்புச் சொன்னவர் ஷாங்காயிலிருந்து வந்த ஜுன்யிங் யுவான். அந்த மரபணு சாகிற செல்லுக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும் என்று 1990-ல் காட்டினார். 1993-ல் அதன் வரிசையைப் படித்தபோது, மனித செல்லில் உள்ள ஒரு நொதியோடு அது ஒத்துப்போனது. புழுவின் கதை நம் கதையானது அந்த இடத்தில்தான்.

இங்கே எதிரணி எழுந்து, "அவர்கள் மாணவிகள், ஆய்வகம் ஹார்விட்ஸுடையது" என்று சொல்லும். தாராளமாகச் சொல்லட்டும். அந்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு மெல்போர்னுக்கு வாருங்கள். 1988-ல் பிசிஎல்-2 என்ற மரபணு செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்று கண்டறிந்தார்கள். செல் பெருகினால்தான் புற்றுநோய் என்றிருந்த எண்ணம், சாக மறுத்தாலும் புற்றுநோய் என்று மாறியது. அந்த மரபணுவின் புரதத்தை அடக்கும் வெனெடோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் அதைச் சாப்பிடுகிறார்கள். 1988-ல் அந்தச் சோதனையைக் கையால் செய்த மாணவர் டேவிட் வாக்ஸ். ஆய்வகத்தை நடத்தியவர்கள் சூசன் கோரியும் அவர் கணவர் ஜெரி ஆடம்ஸும்.

ஆய்வகம் நடத்தியவருக்கே பெருமை என்றால், 1988-ல் கோரி வருகிறார். கையால் செய்தவருக்கே பெருமை என்றால், 1986-ல் எல்லிஸ் வருகிறார், 1993-ல் யுவான் வருகிறார். அண்ணே, எந்தப் படியில் அளப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஆண் செய்தால் ஒரு படி, பெண் செய்தால் வேறு படி என்று மட்டும் சொல்லாதீர்கள். வட்டிக்கணக்குத் தெரிந்த ஊர் இது, உடனே பிடித்துவிடுவார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று. திட்டமில்லாமல், அடிபட்டு வெடித்துச் சாகிற செல்லை எல்லாரும் வெறும் விபத்து என்று ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் ஒரு வகைக்கு ஒழுங்கான பாதை உண்டு, அதை மருந்தால் மறிக்கவும் முடியும் என்று 2005-ல் காட்டியது யுவானின் சொந்த ஆய்வகம். இந்த முறை அவர் யாருடைய மாணவியும் இல்லை. அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி, இதில் அவர் யாருக்குத் துணைக்கரம் என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.