தடங்கலுக்கு வருந்தவில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று திரையில் எழுத்து வந்து நின்றால் அந்தக் காலத்தில் என்ன செய்வோம்? ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் கீழேயிருந்து 'வரலை, இன்னும் வரலை' என்று கத்துவார்.

1969 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியிலும் தடங்கல் வந்தது. ஆனால் அங்கே யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கொலோன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சியான (லாபத்துக்காக இல்லாமல் மக்களுக்காக நடத்தப்படும் நிலையம்) டபிள்யூ.டி.ஆரில், இரவு நிகழ்ச்சிக்கு நடுவே திடீரென ஒரு புகைப்படம். ஒருவர் தரையில் நிற்கிறார். இரண்டே விநாடி, நிகழ்ச்சி தொடர்கிறது. அடுத்தடுத்து வந்த படங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்குகிறார். ஒரு வாரத்தில் ஒன்பது படங்கள். கடைசியில் ஆளே இல்லை, தரை மட்டும்தான். முன்னறிவிப்பும் கிடையாது, விளக்கமும் கிடையாது. அவர் கீத் ஆர்னாட் என்ற ஆங்கிலேயக் கலைஞர்.

இதற்குப் பின்னால் இருந்தவர் கெர்ரி ஷும். 'தொலைக்காட்சிக் கலைக்கூடம்' என்று ஒன்றைத் தொடங்கியவர். அதற்குச் சுவர் கிடையாது. ஒளிபரப்பு நேரம்தான் கூடம். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று பெர்லின் நிலையத்தின் வழியாக முதல் கண்காட்சியை நடத்தினார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது டச்சுக் கலைஞர் யான் டிபெட்ஸ் செய்தது. கடற்கரை மணலில் ஒரு டிராக்டர் கோடு கிழித்துக்கொண்டே போகிறது. கரையில் நின்று பார்த்தால் அது கோணல்மாணலான சரிவகம். கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கச்சிதமான செவ்வகம், நம் வீட்டுப் பெட்டியின் திரை ஓரத்தோடு ஒட்டினாற்போல. அப்புறம் அலை வருகிறது, அழித்துவிட்டுப் போகிறது. அந்தக் கோணலை அருங்காட்சியகச் சுவரில் மாட்டி என்ன செய்ய? டிவிக்குள் இருந்தால்தான் அது நேராகும்.

பின்னணிப் பேச்சே கூடாது என்பதில் ஷும் விடாப்பிடியாக இருந்தார். ஏதாவது சொல்லுங்கள், பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டாமா என்றது பெர்லின் நிலையம். இந்த இழுபறியில் உறவு முறிந்தது. 1970-இல் அடுத்த கண்காட்சிக்கு வேறு நிலையம் தேடிப் போனார். (இங்கே நின்று நான் விளக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பார்.) நிலையத்தின் கவலையும் நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் விநாடிக் கணக்கில் நேரத்தை விற்கும் ஒரு சேனலிடம் போய், சும்மா இரண்டு விநாடி கொடு, எதற்கென்று கேட்காதே என்றால் கொடுக்குமா? பொதுத் தொலைக்காட்சியிடம்தான் அப்படிக் கேட்டுப் பார்க்க முடியும்.

அங்கேயும் பேரம் உண்டு. 1983-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், டபிள்யூ.ஜி.பி.எச். என்ற பொதுத் தொலைக்காட்சிக்காக வீடியோ கலைஞர் பில் வயோலா 44 பேரைப் படம்பிடித்தார். அவரவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, டிவி பார்ப்பதுபோல் கேமராவையே பார்க்கிறார்கள். பேச்சில்லை. நாம் அவர்களைப் பார்க்கிறோம், அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் கேட்டார் வயோலா. கிடைத்தது அரை நிமிடம். யோசித்துப் பாருங்கள், ஒருவர் முப்பது விநாடி உங்கள் முகத்தையே பார்த்தால் எவ்வளவு நீளமாக இருக்கும்!

சரி, மறுபடியும் 1969. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. டபிள்யூ.டி.ஆரில் அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்ததும், திரையில் விறகு பற்றிக்கொள்கிறது. மூன்று நிமிடம் போல நெருப்பு மட்டும். இதுவும் டிபெட்ஸ் வேலைதான். மறுநாளும் வந்தது. நாளுக்கு நாள் கொழுந்துவிட்டு எரிந்து, பிறகு தணியத் தொடங்கியது. குளிர்காலம்; வீட்டில் கணப்பு இருந்த இடத்தில் இப்போது டிவி. அதற்குள்ளேயே கணப்பை மூட்டிவிட்டார் மனிதர்! எட்டாம் நாள், டிசம்பர் 31 இரவு, தணல் அடங்கியது. பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள்.