நைட் ஷிப்ட் களைப்பு யார் குற்றம்?

(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, சகோதரிகளே,

நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவரைக் கேட்டால், "உடம்பெல்லாம் ஒரே சூடு" என்பார். கண் எரியும், பசி இருக்காது, வயிறு மந்தமாக இருக்கும், பிள்ளைகள் சத்தம் போட்டால் கோபம் வரும். அதற்காக மோர் குடிக்கிறோம், லீவு நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். குளியுங்கள், நல்லதுதான். ஆனால் இந்தத் தொல்லைக்கு வேர் நேரத்தில் இருக்கிறது.

எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எப்போது உடல் சூடு இறங்குவது என்று நம் உடம்புக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. விடிவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். விழிப்பும் அதோடு தாழும். அந்த நேரத்தில்தான் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினைக் கவனிக்கிற தொழிலாளி, சைடர், ஓயாமல் நடந்து, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

காலை ஆறு மணிக்கு எழுந்தவர் பகலில் கண் மூடாமல் வேலைக்கு வந்தால், இரவு பதினொரு மணிக்கே 17 மணி நேரம் விழித்தவர் ஆகிவிடுகிறார். 1997இல் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலத் தடுமாறின. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். ஆனால் அதே நிலையில் இருக்கிறவரை மெஷின் முன்னால் நிறுத்துகிறோம். விரல் போனால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடுகிறோம். இதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஷிப்டைப் போட்டவர் யார் என்றும் எழுத வேண்டாமா?

பழகிவிடும் என்கிறார்கள். ஒரு வாரம் நைட், அடுத்த வாரம் பகல் என்று மாற்றினால் எப்படிப் பழகும்? உடம்புக்குள் ஓடும் அந்தக் கணக்கு மெல்ல மெல்லத்தான் நகரும். அது பாதி நகர்வதற்குள் ஷிப்ட் மாறிவிடுகிறது. பல வருஷம் இப்படிப் போனால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும், மறுபடி 2019இலும், இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. இரவு வேலை பார்க்கிற எல்லாருக்கும் வரும் என்று இதற்குப் பொருளில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அலட்சியமாகவும் இருக்க முடியாது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆலையில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற சட்டப் பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது; பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. வேலை உரிமை வந்தது, சரி. வீட்டு வேலையை யார் பங்கு போட்டார்கள்? விடிந்து வீடு திரும்புகிற அக்கா அடுப்பைப் பற்றவைக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், துணி துவைக்கிறார். படுக்கும்போது உச்சிவெயில். தகரக் கூரையின் கீழ் எத்தனை மணி நேரம் தூங்க முடியும்? ஆண்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன். அவர் நைட் பார்க்கிற வாரத்தில் காலைச் சமையல் உங்களுடையதாக இருக்கட்டும். ஜன்னலுக்குக் கெட்டித் துணி போடுங்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அரசு திரும்பப் பெற்றது. ஆக, வேலை நேரத்தை நம்மால் பேசி மாற்ற முடியும்.

ஷிப்ட் மாறும்போது பகல், மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். உடம்புக்கு அது எளிது. நைட் முடிந்த கையோடு பகல் ஷிப்டுக்குக் கூப்பிடக் கூடாது. நடு இரவில் இருபது நிமிடம் படுக்க ஓர் அறை வேண்டும். இரவு வேலை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சான்று தந்தால், முடிந்தவரை அதேபோன்ற பகல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது, கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இதை எழுதுங்கள்.