வாத்தின் கண்ணுக்குச் செதுக்குவது

(மரவேலை ஆர்வலர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேசைமேல் இருக்கிற மர வாத்தைப் பார்த்து, "கொலுவுக்கு வாங்கினதா சார்?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, நானே செய்தது. இது பத்தாவது. முந்தைய ஒன்பதும் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதை ஆங்கிலத்தில் டிகாய் என்பார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால், மேலே பறக்கிற வாத்துகள் நம் கூட்டம் இங்கே இருக்கிறதே என்று இறங்கும். வேட்டைக்காரன் நாணலுக்குள் காத்திருப்பான். இதற்குத் தமிழில் சொல் இல்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இருக்கிறது. சங்கப் பாட்டில் வேட்டுவர் குடியிருப்பில், விளாமரத்தடியில், ஒரு மான் கட்டியிருக்கும். காட்டு மானை வரவழைக்கப் பழக்கிய மான். அதற்குப் பெயர் 'பார்வை'. எத்தனை பொருத்தமான சொல்! கௌதாரி பிடிக்கிறவர்கள் கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கத்தவிடுவதும் இதே உத்திதான்.

அமெரிக்காவிலும் உயிர் வாத்துகளைக் கட்டிவைத்து வேட்டையாடினார்கள். 1935இல்தான் அதைத் தடை செய்தார்கள். ஆனால் பொம்மை வாத்து வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததல்ல. நெவாடாவில் லவ்லாக் என்ற குகையை 1924இல் தோண்டியபோது ஒரு கூடை கிடைத்தது. உள்ளே கோரையால் முடைந்த வாத்துகள். ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழசு. சிலவற்றில் சாயம் பூசி இறகும் செருகியிருந்தது. பழங்குடி மக்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. பின்னால் வந்தவர்கள் கோரைக்குப் பதில் மரத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான் இதைக் கற்றது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். வேலை நிமித்தம் அங்கே இருந்த வருஷங்களில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜ்தான் எனக்குப் பட்டறை. அந்தப் பகுதியில் செசபீக் என்ற பெரிய விரிகுடா. ஒரு காலத்தில் கேன்வாஸ்பேக் என்ற வாத்து அங்கே குளிர்காலத்தில் மொய்க்கும். சுட்டு, பீப்பாயில் அடைத்து நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்புவார்கள். 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. அதுவரை ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் மர வாத்துகளை மிதக்கவிடுவார்கள். இதை மனத்தில் வையுங்கள். நூறு வாத்து செய்கிறவன் ஒவ்வொன்றிலும் இறகு இறகாய்க் கோடு போட்டுக்கொண்டிருப்பானா?

சரி, செய்கிற விதத்துக்கு வருகிறேன். உடலுக்கு அங்கே வெள்ளை சிடார் மரம். லேசானது, தண்ணீரில் சட்டென்று அழுகாது. இங்கே நான் மலைவேம்பு எடுத்துக்கொண்டேன். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று இரண்டு அட்டை வெட்டிக் கட்டையில் வரைந்து ரம்பத்தில் அறுக்க வேண்டும். பழைய ஆட்கள் கைக்கோடரியாலேயே கொத்தி எடுத்துவிடுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் தன் பக்கமாக இழுத்து இழுத்துச் சீவுவது. கடைசியில் அரம், உப்புத்தாள். நியூஜெர்சிக்காரர்கள் உடலை இரண்டு பாதியாகச் செய்து உள்ளே குடைந்து ஒட்டுவார்கள். ஆள் சுமக்கிற பாரம் குறையும்.

தலை தனிக் கட்டை. இது பேக்கிங் பெட்டிப் பைன். மரத்தின் நார் அலகின் நீளத்துக்கே ஓட வேண்டும். என் முதல் வாத்தில் குறுக்கே ஓடவிட்டேன். கையிலிருந்து நழுவியதும் அலகு தனியாகப் போய்விட்டது. இரண்டாவதைக் குளியல் தொட்டியில் விட்டேன், மல்லாந்து படுத்துக்கொண்டது. பெரியவர் சிரித்துவிட்டு அடியில் ஈயக்கட்டி ஒன்றை அறைந்தார். நல்ல டிகாயைத் தலைகீழாகத் தண்ணீரில் போட்டாலும் தானே நிமிர வேண்டும். அது வராவிட்டால் வண்ணப் புட்டியைத் திறக்கவே விடமாட்டார்.

வண்ணத்தில்தான் ஆள் தெரியும். முதல் விதி, பளபளப்பு கூடாது. ஈரம் பட்டு மின்னினால் வாத்து ஒதுங்கிப் போய்விடும். கேன்வாஸ்பேக் ஆணுக்குத் தலை செங்கல் சிவப்பு, மார்பு கறுப்பு, முதுகு வெளிர் சாம்பல். அந்த முதுகில் மெல்லிய நெளிகோடுகள் உண்டு. ஈர வண்ணத்தின் மேல் சீப்பை ஒரு முறை நெளித்து இழுத்தால் போதும். கிட்டப் போனால் கிறுக்கல். பெரியவர் அதை முற்றத்தின் கோடியில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாற்பதடி தள்ளிப் பார்க்கச் சொல்வார். அங்கிருந்து இறகாகத் தெரியும். நான் கண்ணைச் சுற்றி மெல்லிய கோடு போட்டபோது, "இது யாருக்கு?" என்று கேட்டார். வாத்து அதைப் பார்க்கப் போவதில்லை.

இந்தக் கலையின் பெரிய பெயர்களில் இரண்டு, மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த ஸ்டீவ் வார்ட், லெம் வார்ட். அண்ணன் தம்பி. தொழில் முடிவெட்டுதல். பெரும்பாலும் ஸ்டீவ் செதுக்க லெம் வண்ணம் தீட்டுவார். அதே மாநிலத்தின் ஹாவ்ர் டி கிரேஸ் ஊரில் இன்னொரு பெரிய பெயர், மேடிசன் மிட்செல்; அவர் இறுதிச்சடங்கு நிலையம் நடத்தினார். இருக்கிற வேலை போக மீந்த நேரத்தில் இத்தனை செய்தார்கள்.

அப்புறம் பணம் வந்தது. மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செய்த ஊசிவால் வாத்து ஒன்று 2007இல் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருமே, அதே ஊசிவால்தான். இன்றைய போட்டிகளுக்குச் சூட்டுக்கோலால் ஒவ்வோர் இறகையும் கீறிச் செய்கிற வாத்துகள் வருகின்றன. பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவும் தண்ணீரைத் தொடாதவை. நடுவர் கையில் எடுத்துப் பார்ப்பதற்காகச் செய்தவை. எனக்கென்னவோ, ஓரம் தேய்ந்து வண்ணம் மூன்று முறை மாறிய வேட்டை வாத்துதான் பிடிக்கிறது. வேட்டை பிடிக்காது, நம் நாட்டில் சட்டமும் விடாது. அதனால் என் வாத்துகள் தொட்டியோடு சரி. போன மாதம் ஒன்றை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். ஒரு காகம் வந்து வெகுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதன் முதுகிலேயே உட்கார்ந்தது. வாத்து சாயவில்லை.

இதைக் கைமாற்றிப் பாருங்கள். வால் பக்கம் மட்டும் தொடாதீர்கள், நேற்றுப் பூசிய வண்ணம் இன்னும் காயவில்லை.