மான்டே கார்லோவில் நடாலை ஏன் அசைக்க முடியவில்லை?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மான்டே கார்லோ டென்னிஸ் போட்டியில் நடால் 11 முறை பட்டம் வென்றிருக்கிறார். ஃபெடரருக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. களிமண் தரை அப்படி என்னதான் செய்கிறது?" எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தரை. களிமண் என்று பெயர்தானே தவிர, நம் வயலில் இருக்கும் களிமண் இல்லை. செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. அதை மெல்லிய படலமாகப் பரப்பியிருப்பார்கள். பந்து விழும்போது அந்தப் பொடியில் நன்றாக உரசுகிறது, அதனால் முன்னால் பாயும் வேகம் குறைகிறது. ஆனால் மேலே எழும்புவது அதிகம். சிமென்ட் தரையில் இடுப்பளவு வரும் பந்து இங்கே தோள் வரைக்கும் வந்துவிடும்.

இப்போது நடாலைப் பாருங்கள். இடது கைக்காரர். ஃபோர்ஹேண்டை, அதாவது மட்டை பிடித்த கைப் பக்கத்து அடியை, அடித்து முடிக்கும்போது மட்டை தலைக்கு மேலே சுழன்று போகும். அந்தப் பந்து நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும். அவர் குறுக்காக அடித்தால், வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம்தான், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப் பக்கம்தான் போகும். ஃபெடரருக்கு ஒற்றைக் கை பேக்ஹேண்ட், அந்தப் பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பார். பந்து இடுப்பு உயரத்தில் வந்தால் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அடிக்கலாம். தோளுக்கு மேலே வந்தால்? வெறும் கை பலம்தான். வீட்டில் ஒரு மட்டையைப் பிடித்து அந்த உயரத்தில் வீசிப் பாருங்கள், உடனே புரியும்.

2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ந்து மான்டே கார்லோ இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் நடாலிடம் தோற்றார். 2008-இல் இரண்டாவது செட்டில் 4-0 என்று முன்னிலை. அங்கிருந்து அந்த செட்டை 5-7 என்று விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு கேட்பதில்லை.

அதற்காக ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அங்கே எடுபடாது என்று நினைத்துவிடாதீர்கள். 2014-இல் வாவ்ரிங்கா ஜெயித்தார், அதுவும் இறுதியில் ஃபெடரரையே வீழ்த்தி. சிட்சிபாஸ் 2021, 2022, 2024 என்று மூன்று முறை ஜெயித்தார். இருவருக்குமே ஒற்றைக் கைதான். ஆக, சிக்கல் அந்த அடியில் மட்டும் இல்லை. இந்தத் தரை, இடது கை, அந்தச் சுழற்சி, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் சிக்கல்.

தரை மாறினால் கதையும் மாறும். அதே 2008 ஜனவரியில் நம் சென்னை நுங்கம்பாக்கத்தில், சிமென்ட் தரையில், யூஸ்னி நடாலை 6-0, 6-1 என்று தோற்கடித்தார். முந்தின நாள் மோயாவோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடிய களைப்பு நடாலுக்கு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, மான்டே கார்லோவில் அவரை யார்தான் நிறுத்தினார்கள்? 2005 முதல் 2012 வரை எட்டுப் பட்டம், தொடர்ந்து 46 வெற்றி. 2013 இறுதியில் ஜோகோவிச் 6-2, 7-6 என்று அதை முடித்து வைத்தார். அவருக்கு இரட்டைக் கை பேக்ஹேண்ட். பந்து தோளுக்கு ஏறும்வரை காத்திருக்காமல், எழும்பும்போதே முன்னால் வந்து அடித்துவிடுவார். தோளுக்கு வந்தாலும் இரண்டு கையால் அழுத்திவிடலாம். ஃபெடரரைத் திணறடித்த அதே பந்து அவருக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை.

அப்புறமும் நடால் விடவில்லை. 2016, 2017, 2018 என்று இன்னும் மூன்று முறை ஜெயித்தார். நீங்கள் சொன்ன 11 அப்படி வந்ததுதான்.