ஊர் ஊராகப் போன கேப்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து கால்பந்து அணி சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடி எது என்று கேட்டால், ஆட்டம் தெரிந்தவர்கள் 1953-இல் வெம்பிளியில் ஹங்கேரியிடம் தோற்றதைச் சொல்வார்கள். அது 6-3. அதைவிடப் பெரிய அடி 1881 மார்ச் 12 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் விழுந்தது. ஸ்காட்லாந்து 6, இங்கிலாந்து 1. சொந்த மண்ணில் இத்தனை கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து அதற்குப் பிறகு தோற்றதே இல்லை. அன்று ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் ஆண்ட்ரூ வாட்சன். உலகிலேயே சர்வதேசக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர். அதுவும் முதல் ஆட்டத்திலேயே கேப்டன்.

அவர் பிறந்தது 1856-இல், தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் டெமராராவில். அப்போது அது பிரிட்டிஷ் கயானா. சென்னையிலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே கரும்பு நாடுதான். அப்பா பீட்டர் மில்லர் வாட்சன், அந்தக் கரும்பில் பணம் பண்ணிய ஸ்காட்லாந்துக்காரர். அம்மா ஹன்னா ரோஸ், அந்த ஊர்க் கறுப்பினப் பெண். பையன் சிறுவயதிலேயே பிரிட்டனுக்கு வந்துவிட்டான். முதலில் யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பள்ளி, அடுத்து லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளி. 1875-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம், பொறியியல் என்று படிக்கச் சேர்ந்து, ஓராண்டோடு விட்டுவிட்டார். அப்பா எழுதிவைத்துப் போன பணம் கையில் இருந்தது. அப்புறம் வியாபாரம், கல்யாணம், கால்பந்து.

கிளாஸ்கோவில் பார்க்குரோவ் என்ற சிறிய கிளப்பில் ஆடிக்கொண்டே அதன் ஆட்டச் செயலாளராகவும் இருந்தார். அந்த வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. லீக் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. கோப்பை ஆட்டங்கள் போக மற்றதெல்லாம் கிளப்புக்குக் கிளப் கடிதம் எழுதி, நாள் குறித்து, மைதானம் பேசி நடத்த வேண்டியவை. செயலாளர் சோம்பேறியாக இருந்தால் சனிக்கிழமை ஆட்டமே இருக்காது. 1880-இல் அவர் குவீன்ஸ் பார்க் கிளப்புக்குப் போனார். அன்றைக்கு ஸ்காட்லாந்தில் அதற்கு மேல் ஒரு கிளப் இல்லை. அங்கேயும் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

ஓவல் ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோலுக்கு வலை கிடையாது. பெனால்ட்டி கிடையாது. கோல்காரருக்கு முன்னால் பின்வரிசையில் இரண்டே பேர், முன்னால் ஆறு பேர் தாக்குவார்கள். அந்த இருவரில் ஒருவர் வாட்சன். அவரைத் தாண்டினால் கோல்காரர் மட்டும்தான். வேகம், தயங்காமல் காலை வைத்துப் பந்தைப் பறிப்பது, பலமான உதை என்று மூன்றுக்கும் பேர் வாங்கியவர். இங்கிலாந்துக்காரர்கள் பந்தைத் தனியாளாகக் கொண்டு ஓடும் பழக்கத்தை இன்னும் முழுதாக விடவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி ஆடினார்கள். ஆறு கோலுக்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். இரண்டு நாள் கழித்து ரெக்ஸாம் நகரில் வேல்ஸை 5-1 என்று வென்றார்கள். மறு ஆண்டு கிளாஸ்கோவில் மறுபடி இங்கிலாந்து, மறுபடி 5-1. வாட்சன் நாட்டுக்காக ஆடியது இந்த மூன்றே ஆட்டங்கள்: போட்டது 16, வாங்கியது 3.

ஏன் மூன்றோடு நின்றது? 1882-இல் அவர் லண்டனுக்குக் குடிபோனார். ஸ்காட்லாந்தில் ஆடுபவர்களை மட்டுமே நாட்டு அணிக்கு எடுப்பது என்பது அன்றைய வழக்கம். அது தளர்ந்தது 1896-இல். எல்லை தாண்டினால் கதை முடிந்தது.

லண்டனில் ஸ்விஃப்ட்ஸ் கிளப்புக்காக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆடினார், அந்தக் கோப்பையில் ஆடிய முதல் கறுப்பின வீரரும் அவர்தான். அங்கே போன கொஞ்ச நாளில் மனைவி இறந்துவிட, இரண்டு குழந்தைகளும் கிளாஸ்கோவில் தாத்தா பாட்டியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் கொரிந்தியன்ஸ். பெரிய பள்ளிகளில் படித்த கனவான்களின் கிளப் அது. 1884-இல் நடப்புக் கோப்பைச் சாம்பியன் பிளாக்பர்ன் ரோவர்ஸை 8-1 என்று கவிழ்த்த கொரிந்தியன்ஸ் அணியில் வாட்சனும் உண்டு. பணமும் பள்ளிக்கூடப் பெயரும் இல்லாத ஒரு கறுப்பினத்தவரை அந்த வாசலுக்குள் விட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு கிளாஸ்கோவுக்கே திரும்பி, 1886-இல் குவீன்ஸ் பார்க்கோடு ஸ்காட்டிஷ் கோப்பையை மூன்றாவது முறையாக வென்றார். அடுத்த ஆண்டு மறுமணம், லிவர்பூல் பக்கம் பூட்டில் கிளப். அதோடு ஆட்டத்தைவிட்டுக் கப்பல் என்ஜினியர் ஆனார்.

அதே காலத்தில் ஃபெர்கஸ் சூட்டர் என்ற கிளாஸ்கோ கல்தச்சரும் ஊர் மாறினார். முதலில் டார்வென், பிறகு பிளாக்பர்ன். கால்பந்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்றிருந்த நாளில், பணம் வாங்கித்தான் ஆடுகிறார் என்று ஊரே பேசியது. சூட்டரை ஊர் மாற்றியது கால்பந்து. வாட்சனை ஊர் மாற்றியது குடும்பமும் பிழைப்பும். போன இடத்தில் ஒரு நல்ல கிளப்பைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரே ஊரில் தங்கியிருந்தால் அந்த ஊராவது பேரைக் காப்பாற்றியிருக்கும். முதல் கறுப்பின வீரர் என்ற பெருமையை நெடுங்காலம், அவருக்குப் பிறகு ஆட வந்த ஆர்தர் வார்ட்டன் என்பவருக்குக் கொடுத்து வந்தார்கள். வாட்சன் ஆஸ்திரேலியாவில் இறந்தார் என்றும் ஒரு கதை உலவியது. உண்மையில் 1921 மார்ச்சில் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் நிமோனியாவால் இறந்து, ரிச்மண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

ஸ்காட்லாந்துக்காக அடுத்த கறுப்பின வீரர், நைஜல் குவாஷி, களம் இறங்கியது 2004-இல். நடுவில் 122 ஆண்டுகள். 1882-இல் இங்கிலாந்தை 5-1 என்று வென்ற அந்த மைதானம், கிளாஸ்கோவில் ஹாம்ப்டன் என்ற பெயரில் இருந்த முதல் மைதானம், இப்போது ஒரு புல்வெளிப் பந்துருட்டல் கிளப்பாக இருக்கிறது. அதன் சுவரில் அந்த ஆட்டத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். வணக்கம்.