உதிர்ந்த தலைமயிரில் இருப்பது வேர் அல்ல

நேயர்களுக்கு வணக்கம். மழை விட்டு மாசி, பங்குனி பிறந்தால் எங்கள் தோல் கிளினிக்கில் ஒரே முறைப்பாடுதான்: "டொக்டர், தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கழருது." விசாரித்தால், கார்த்திகை மார்கழியில் டெங்கு வந்து படுத்தவராக இருப்பார். இல்லாவிட்டால் பிள்ளை பெற்று மூன்று நாலு மாதமான தாய்.

சீப்பில் வந்த மயிரைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டுவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும். "பாருங்கோ, வேரோடை வந்திட்டுது" என்று கண் கலங்குவார்கள். அது வேர் அல்ல. வளர்ச்சி முடிந்த மயிரின் அடி அப்படித்தான் தடித்து வெளுத்துப் போகும். மயிரை முளைப்பிக்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

மயிர்க்காலின் அடியில் உள்ள குமிழுக்கு இரத்தம் ஓடுகிறது. அங்கே கலங்கள் ஓயாமல் பிரிந்து, கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. நாம் வாரிப் பின்னுவது அந்த உயிரற்ற இழையைத்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நீளும். வளர்ச்சி 2 முதல் 6 வருடம் வரை நடக்கும். அப்புறம் சில வாரங்களில் குமிழ் சுருங்கும், சுமார் மூன்று மாதம் ஓய்வு, பிறகு உதிர்வு. புருவத்துக்கு வளர்ச்சிக் காலம் சில மாதங்களே, அதனால்தான் அது நீளுவதில்லை.

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்கள். எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகாததால் நாளுக்கு 50 முதல் 100 உதிர்வது சாதாரணம். கடும் காய்ச்சல் வந்தால் பல மயிர்கள் ஒரேயடியாக ஓய்வுக்குள் போய்விடும். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் பிடித்து வைத்திருந்த மயிர்களும் பிரசவத்துக்குப் பின் அப்படியே. அவைதான் மூன்று மாதம் கழித்துக் கொட்டுகின்றன. காய்ச்சல் மாறி வெகு நாள் ஆனதால் யாரும் இரண்டையும் தொடுத்துப் பார்ப்பதில்லை. பழி ஷாம்புவுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் போகிறது.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் சரியில்லை. சவர அலகு மயிர்க்காலைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாய்த் தெரிகிறது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வையுங்கள், இழை முறியாமல் காக்கும். குமிழை வளர்க்க அதனால் முடியாது.

ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால், அல்லது காசளவில் வட்டமாக வெளித்தால், வந்து காட்டுங்கள். இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மாரே, கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.